தறிக்கூடத்தின் மேற்கே ஒரு வேம்பு

சங்கரன்கோவிலுக்குப் புன்னைவனம் என்பது பழம்பெயர்களுள் ஒன்று. சங்கரநாராயணர் கோயிலின் தல விருட்சமும் புன்னையே. ஆயினும் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நண்பகல் வேளையில் நடப்போர், ஒதுங்கி நிற்க நிழல் தேட வேண்டியிருக்கிறது. மேற்குமலையின் மழை மறைவில் அமைந்த பகுதி இது. ஆனி, ஆடி மாதங்களில் காற்று தாராளமாக வரும். மழையோ பெரும்பாலும் ஐப்பசியை எதிர்பார்த்தே நிற்கும். ஆகவே பசுமையும் ஆரோக்கியமும் என்னும் பொருளை, கண்ணுக்கினிய காட்சி பற்றிய பேச்சாக அன்றி, உழைப்போரின் உடலைப் பற்றிய கணக்காகவே இங்கு ஆராய விரும்புகிறோம்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நம் உடல் வியர்வையின் மூலம் குளிர்வதும், மரம் இலைகளின் வழியே நீரை ஆவியாக்கித் தன்னைச் சுற்றிக் குளிர்ச்சியூட்டுவதும் இவ்விதியினாலேயே. மர நிழலில் காற்றின் வெப்பம் சிறிதளவே குறையினும், வெயிலின் கதிர்கள் உடலையும் சுவரையும் நேரே தாக்குவது பெரிதும் நின்றுவிடுகிறது. தகரக் கூரையும் மேற்குச் சுவரும் பிற்பகலில் வாங்கிய வெப்பத்தை, பொழுது சாய்ந்த பின்னரும் உள்ளே வீசிக்கொண்டிருக்கின்றன. கெஜக் கணக்கில் கூலி பெறும் நெசவாளருக்கு அத்தளர்ச்சி அன்றைய வருமானத்திலேயே தெரியும். வியர்த்துக்கொண்டே நீர் அருந்தாமல் வேலை செய்வது நாளடைவில் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

உலர்ந்த காற்று நூலுக்கும் பகை. ஈரம் இழந்த பருத்தி இழை வலுக்குன்றி அறும். குழித்தறியை நம் முன்னோர் தரையில் இறக்கி அமைத்ததற்கும், கஞ்சி தோய்த்த பாவை விடியற்காலையிலேயே தெருவில் விரித்ததற்கும் இதில் நியாயம் உண்டு. நெய்பவருக்கு நன்மையானது நூலுக்கும் நன்மையாவது எல்லாக் காரியங்களிலும் வாய்ப்பதில்லை!

பசுமையைக் காண்பதே நலம் தருமா? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளை ஆராய்ந்து ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒப்பிடப்பட்டவை 23 இணைகளே. ஆதலால் இதனை மிகைப்படுத்தலாகாது. கூடத்தினுள் பறக்கும் பஞ்சுத் தூசிக்கும், விசைத்தறியின் இரைச்சலுக்கும் வெளியே நிற்கும் மரம் பரிகாரமன்று. அவற்றிற்குக் காற்றோட்டமும், முகக்கவசமும், காதடைப்பானுமே வேண்டும்.

விவசாய அங்கத்தினர்களின் நிலை வேறு. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோப்பில் வேலை செய்வோருக்கு நிழல் கூடவே இருக்கிறது. கரிசல் புஞ்சையில் பருத்திக்கும் மிளகாய்க்கும் களை எடுக்கும் பெண்களுக்கு அதில்லை. வரப்பில் மரம் வைத்தால் நிழல் விழுந்து மகசூல் குறையும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், நண்பகல் நிழல் வடக்கே விழும். வடவரப்பில் வைத்த மரத்தின் நிழல் அந்நாட்களில் பெரும்பாலும் நம் பயிரின்மேல் விழாது. அடுத்தவர் பயிரின்மேல் விழுமாயின் வேறு வழக்கு வரும். ஆகவே வடக்கில் பாதையோ ஓடையோ உள்ள இடமே உத்தமம். பூச்சிமருந்துத் தெளிப்பானை அம்மரத்தடியில் வைப்பதும், அங்கேயே அமர்ந்து உண்பதும் கூடாது.

பச்சையாயிருப்பதெல்லாம் நலம் தருவதன்று. சீமைக் கருவேலம் எவர் நீரும் வேண்டாமல் குளத்திலும் புறம்போக்கிலும் செழிக்கிறது. அதன் மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். விறகுக்கும் கரிக்கும் அது உதவுவதை மறுக்கவில்லை. தறிக்கூட வாசலுக்கு அது ஏற்றதன்று.

தறிக்கூடத்திற்கு வேம்பும் புங்கமும் தக்கவை. பிற்பகல் வெயிலைத் தடுக்க மேற்கே, சுவரிலிருந்து சுமார் 15 அடி தள்ளி நடுக. வளர்ந்தபின் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் ஆடிக்காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும். ஐப்பசி மழையில் நட்டாலும், அடுத்த இரு கோடைகளே கன்றின் ஆயுளைத் தீர்மானிப்பவை. 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப்பரப்பை 33 விழுக்காடாக்க நோக்கம் கொண்டது. கன்று பெறுவது பெருங்கஷ்டமன்று. வேலிக்கும் நீருக்கும் ஆகும் செலவை, துணைவிதிகள் இடமளிக்குமாயின், சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து செய்யலாம். பொதுப் பேரவை இதற்குத் தீர்மானம் இயற்றும்போது கன்றுகளின் எண்ணிக்கையோடு, எந்தக் கன்றுக்கு எந்த அங்கத்தினர் நீர் ஊற்றுவார் என்பதையும் நடவடிக்கைப் புத்தகத்தில் பெயருடன் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.