பெயருக்கும் தகுதி வேண்டும்

ஒருவர் தம் கடைக்கு விரும்பிய பெயரைச் சூட்டலாம். ஆனால், வங்கி எனப் பெயர்ப்பலகை மாட்டிப் பிறர் பணத்தை வாங்கி வைக்க எல்லார்க்கும் உரிமையில்லை. அதற்கு ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். தெருவில் நிலவும் இவ்வொழுங்கு இணையத்திலும் வேண்டும் அன்றோ?

இணையத்திலுள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. நீண்ட எண்களை மக்கள் நினைவிற் கொள்ளுதல் அரிது. ஆதலின், எண்களுக்கு ஈடாகப் பெயர்களை வழங்கும் முறையை 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். பெயரின் ஈற்றில் நிற்கும் பகுதி அதன் இனத்தைக் காட்டும். 'காம்' என முடியும் பெயரைக் கட்டணம் செலுத்தும் எவரும் பெறலாம். இவ்வெளிமை வாணிகத்தை வளர்த்தது. வஞ்சகர்க்கும் வழி திறந்தது. அவர்கள் வங்கியின் பெயரை ஒத்த பெயரைப் பதிந்தனர். வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கத்தையும் அமைத்தனர். அதனை மெய்யென நம்பியவர்கள் தம் கடவுச்சொல்லைத் தந்து, அரிதின் ஈட்டிய பொருளை இழந்தனர்.

இத்தீமையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, சில பெயர்களைத் தகுதியுடையார்க்கே வழங்குதல். பிரிட்டனில் 'எல்டிடி.யூகே' என முடியும் பெயர், சட்டப்படி பதிவு பெற்ற லிமிடெட் கம்பெனிகளுக்கே உரியது. அதுவும் அக்கம்பெனியின் பதிவுப் பெயரோடு ஒத்திருத்தல் வேண்டும். இந்திய நாட்டில், வங்கிகளுக்கென்றே 'பேங்க்.இன்' என்னும் ஈறு ஒதுக்கப்படும் என்று ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அப்பெயர்களைப் பதியும் பொறுப்பு, ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திற்கு மட்டுமே அளிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாளுக்குள் வங்கிகள் தம் இணைய முகவரிகளை அவ்வீற்றிற்கு மாற்றுதல் வேண்டும் எனவும் ஆணை பிறந்தது.

வாயிலில் காவல் அமைந்தது. எனினும், வருவோர் வாயிலை அடையாளம் காணுதல் வேண்டும். அஞ்சல் முகவரியில் ஊரும் நாடும் இறுதியில் நிற்பன போல, இணையப் பெயரிலும் ஈறே தலைமையானது. முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதியே பெயராகும். அப்பெயர் 'பேங்க்.இன்' என முடிகின்றதா என நோக்குக. அவ்வெழுத்துகள் தொடக்கத்திலோ நடுவிலோ நின்றால் பயனில்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு இருப்பின் அது வேறு பெயரே.

வெளுத்ததெல்லாம் பால் ஆகாது. தகுதி விதி பெயரைக் காக்கும். ஆனால், தொலைபேசியில் இனிது பேசிக் கடவுச்சொல்லைக் கேட்பவனை அது தடுக்காது. விதியின் காவலோடு மக்களின் விழிப்பும் சேரும்பொழுதே பொருள் நிலைபெறும்.