இடுக்கண் வருமுன்

மனவலிமை என்பது துன்பம் வந்த நாளில் எங்கிருந்தோ வந்து துணைநிற்கும் ஆற்றல் என்று பலர் எண்ணுகின்றனர். ‘வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாதாரண நாட்களைக் கவனமின்றிக் கழித்தும் விடுகின்றனர். வெள்ளம் வந்த பிறகு ஏரிக்கரையை உயர்த்த இயலாது. கரையைப் பலப்படுத்த வேண்டியது கோடையில்தான்.

திருக்குறளின் அதிகார வரிசை இங்குச் சிந்திக்கத்தக்கது. துன்பத்தில் மனம் உடையாதிருப்பதைக் கூறும் ‘இடுக்கண் அழியாமை’ 63-ஆம் அதிகாரம். அதற்கு முன்பாக ஊக்கம் உடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை என்ற மூன்று அதிகாரங்கள் நிற்கின்றன. முதலில் உள்ளத்தில் ஊக்கம். அடுத்து, சோம்பலை விலக்குதல். பிறகு, இடைவிடாத முயற்சி. இம்மூன்றும் எல்லா நாட்களுக்கும் உரியவை. இவற்றைப் பழகியவரே இடுக்கண் வந்த நாளில் நிலைகுலையாமல் நிற்கிறார். பெங்களூரில் பிறந்த இருவரின் வாழ்க்கை இவ்வுண்மையை விளக்குகிறது.

எஞ்சியிருப்பது எது?

2002-ஆம் ஆண்டு மே மாதம் ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் டெஸ்ட் போட்டி நடைபெற்றது. மட்டை பிடித்துக்கொண்டிருந்த அனில் கும்ப்ளேயின் முகத்தில் பந்து தாக்கித் தாடை எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்காக அவர் பெங்களூரு திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. ஆயினும் அதற்கு முன், முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு களமிறங்கி 14 ஓவர்கள் பந்து வீசினார். பிரையன் லாராவின் விக்கெட்டையும் வீழ்த்தினார்.

இதை வெறும் வீரச்செயல் என்று வியந்து நின்றுவிட்டால் பாடம் கைநழுவிப் போகும். முறிந்தது தாடை, பந்து வீசும் கைக்கு ஊறு இல்லை. இழந்ததையே எண்ணிக்கொண்டிருக்கும் மனம், எஞ்சியிருப்பதைக் காண்பதில்லை. பயின்ற மனமோ, ‘இன்னும் என்ன செய்ய இயலும்?’ என்று கேட்கிறது. காயம்பட்டவர் அனைவரும் களமிறங்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. தோள்பட்டைச் சிகிச்சைக்காக அதற்கு முந்தைய ஆண்டில் பல மாதங்கள் ஆடாமல் காத்திருந்தவரும் அதே கும்ப்ளேதான். செயல்பட வேண்டிய நேரத்தில் செயல்படுவதும், காத்திருக்க வேண்டிய நேரத்தில் காத்திருப்பதும் ஒரே வலிமையின் இரு பக்கங்கள். 2008-இல் ஓய்வு பெற்றபோது 132 டெஸ்ட் போட்டிகளில் 619 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தியிருந்தார். உலகம் வியந்த அந்த 14 ஓவர்களுக்குப் பின்னால், எவரும் பார்க்காத எத்தனையோ பயிற்சி நாட்கள் இருந்தன.

நீண்ட காலப் பழக்கம்

ஒரு நாள் துன்பத்தைத் தாங்குவது ஒரு வகை. வாழ்நாள் முழுவதும் உடன்வரும் துன்பத்தைத் தாங்குவது இன்னொரு வகை. 1958-இல் பிறந்த மாலதி ஹொள்ளா, ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலால் உடல் செயலிழந்தார். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு உடலின் மேற்பகுதிக்கு மட்டும் வலிமை திரும்பியது. சென்னையில் எலும்பு நோய்ச் சிகிச்சை மையம் ஒன்றில் இளமையின் பல ஆண்டுகள் கழிந்தன. 30-க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை அவர் தாங்கினார்.

திரும்பக் கிடைத்த அந்த மேற்பகுதியின் வலிமையைக் கொண்டே குண்டு, வட்டு, ஈட்டி எறிதலில் பயிற்சி பெற்றார். வங்கிப் பணியையும் கைவிடாமல், பாராலிம்பிக் உள்ளிட்ட பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்றார். 2001-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நண்பர்களுடன் மாத்ரு அறக்கட்டளையைத் தொடங்கி, உடற்குறையுள்ள குழந்தைகளுக்குப் புகலிடம் அமைத்தார். தன் துன்பத்தையே எண்ணும்போது மனம் சுருங்குகிறது. பிறர் துன்பத்தைத் துடைக்க முனையும்போது விரிவடைகிறது. விரிந்த மனத்தைத் துன்பம் எளிதில் நிரப்பிவிட முடியாது.

உதவி நாடுவதும் வலிமையே

மனவலிமை உள்ளவர் எவரிடமும் எதையும் கேட்கமாட்டார் என்பது பரவலான தவறான எண்ணம். எலும்பு முறிந்தால் மருத்துவரிடம் செல்பவர், பல வாரங்கள் உறக்கமின்றித் தவித்தாலும் அதை மறைக்கிறார். மனமும் நோயுறக்கூடியதே. அப்போது ‘தைரியமாக இரு’ என்ற அறிவுரை மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். பெங்களூரில் 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முதன்மையான நிறுவனங்களுள் ஒன்று. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மனஸ்’ தொலைபேசிச் சேவைக்கும் அதுவே தலைமை மையம். 14416 என்ற எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை. தன் எல்லையை அறிந்து பிறர் கையைப் பற்றுவது கோழைத்தனம் அன்று, அது விவேகம்.

இன்றே தொடங்கும் பயிற்சி

பெரும் சோதனைகள் எப்போதோ வருபவை. சிறு சோதனைகள் நாள்தோறும் வருகின்றன. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பேருந்து நகராமல் நிற்கிறது. ஒருவர் ஓட்டுநரையும் நகரத்தையும் விதியையும் ஏசுகிறார். மற்றொருவர் தாமதமாகும் என்று அலுவலகத்திற்குத் தெரிவித்துவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்கின்றனர். ஆனால் ஒருவர் தம் ஆற்றலை இழந்து சேர்கிறார். மற்றவர் அதைக் காத்துச் சேர்கிறார். மாற்ற இயலாதது எது, செய்ய இயல்வது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இத்தகைய சிறு இடையூறுகளில்தான் உருவாகிறது.

இதனினும் முக்கியமானது, தனக்குத்தானே கொடுத்த வாக்கைக் காப்பது. குறித்த நேரத்தில் எழுவது, எடுத்த நூலின் சில பக்கங்களையாவது நாள்தோறும் படிப்பது, கோபம் வந்ததும் பேசாதிருப்பது - இவற்றுள் ஒன்றை ஏற்றுத் தவறாமல் கடைப்பிடிப்பவரை அவரது மனமே நம்பத் தொடங்குகிறது. நாள்தோறும் தன் சொல்லைத் தானே மீறுபவர், துன்பம் வந்த நாளில் ‘மனமே, கலங்காதே’ என்றால் மனம் எப்படிக் கேட்கும்? வாக்குத் தவறாதவரின் கட்டளைக்கே அது பணிகிறது.

ஆகவே, இன்று சிறிதாக ஒன்றை ஏற்று, நாளையும் அதைக் கைவிடாதிருப்பவர் தம் கரையை உயர்த்திக்கொண்டிருக்கிறார். வெள்ளம் எந்த நாளில் வந்தாலும் அக்கரை நிற்கும்.