அகத்துள் ஒரு போர்க்களம்

நுழையும்முன்

சமய நூல்கள் கூறும் போர்களையும் பகைவர்களையும் மனித உள்ளத்தின் குறியீடுகளாகக் கொண்டு படிப்பது தொன்றுதொட்ட மரபு. காந்தியடிகள் பகவத்கீதையை அவ்வாறு படித்துப் பெற்ற உளவலிமையை இப்பாடம் விளக்குகிறது.

சட்டம் பயில இலண்டனில் தங்கியிருந்த இரண்டாம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையைச் சார்ந்த சகோதரர் இருவர் காந்தியடிகளைத் தம்முடன் கீதை படிக்க அழைத்தனர். வடமொழியிலோ தம் தாய்மொழியாகிய குசராத்தியிலோ அந்நூலை அதுவரை படித்ததில்லை என்பதை எண்ணி அவர் நாணினார். எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே கீதை அவருக்கு அறிமுகமாயிற்று.

கீதை போர்க்களத்தில் தொடங்குகிறது. எதிரே உறவினரைக் கண்டு வில்லை நழுவவிட்ட அருச்சுனனைக் கண்ணன் போர்புரியத் தூண்டுகிறான். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர் இத்தகைய நூலை வழிகாட்டியாக ஏற்றது எவ்வாறு?

குருச்சேத்திரம் என்பது மனித உள்ளமே என அவர் கொண்டார். பாண்டவர் நல்லுணர்வுகள், கௌரவர் தீய உணர்வுகள், போர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் நாள்தோறும் நிகழ்வது. இதற்கு அவர் நூலுக்குள்ளேயே சான்று கண்டார். பாரதப் போரின் முடிவில் வென்றவர்க்கும் எஞ்சியது துயரமே. கீதையின் இரண்டாம் இயலின் இறுதி 19 சுலோகங்களோ போர்முறையைக் கூறவில்லை. இன்பதுன்பங்களில் கலங்காதவனின் இயல்பையே கூறுகின்றன. அவை அவரது ஆசிரம வழிபாட்டில் நாள்தோறும் ஓதப்பட்டன.

அவருடைய படிப்பு ஏட்டோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபோது, சுலோகங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, பல் துலக்கும் 15 நிமிடங்களில் மனனம் செய்தார். அவ்வாறு 13 இயல்கள் வரை கற்றார். உடைமையின்மை, சமநோக்கு என்னும் சொற்கள் அவரைச் சிந்திக்க வைத்தன. அதன் விளைவாக, முன்பு எடுத்திருந்த 10,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டைக் கைவிட்டார்.

குறியீடாகப் படிப்போர் தாம் விரும்பும் பொருளை நூலின்மேல் ஏற்றிவிடக்கூடும். காந்தியடிகளும் இதனை உணர்ந்திருந்தார். சொல்லளவில் நோக்கினால் பயன்துறத்தலும் போரும் ஒருங்கே பொருந்தலாம் என்பதை மறுக்காது ஒப்புக்கொண்டார். ஆயினும், 40 ஆண்டுகள் கீதையின்படி வாழ முயன்றபின், முழுமையான அகிம்சையின்றி முழுமையான துறவு கைகூடாது எனத் தாம் உணர்ந்ததாக எழுதினார். தம் விளக்கத்துக்கு உரைகல்லாக அவர் கொண்டது தம் வாழ்க்கையையே.

ஏமாற்றம் சூழ்ந்து ஒளி புலப்படாத வேளைகளில் கீதையை நாடி ஆறுதல் பெற்றதாகவும் அவர் 1925இல் குறிப்பிட்டுள்ளார். கடமையைச் செய்து பயனில் பற்றறுத்தவனைத் தோல்வி முடக்குவதில்லை. பகை தன்னுள்ளே இருப்பதை அறிந்தவன் பிறரை வெறுப்பதுமில்லை.

'அநாசக்தியோகம்' என்னும் அவரது குசராத்தி மொழிபெயர்ப்பு 1930 மார்ச் 12 அன்று வெளிவந்தது. அன்றுதான், கையில் ஆயுதமின்றி, அவர் தண்டியை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

கற்பவை கற்றபின்

நீங்கள் அறிந்த இதிகாசக் காட்சி ஒன்றைக் குறியீடாகக் கொண்டு, அது உணர்த்தும் அகப்போராட்டத்தை வகுப்பில் கலந்துரையாடுக.