நிறுவியாயிற்று, திறக்கவில்லையே?
கணினி கேள்வி-பதில்

கேள்வி: சிராங்கூன் சாலைப் பக்கம் சிறிய வாசிப்புக் குழு ஒன்று நடத்துகிறோம். உறுப்பினர்களின் வீடுகளில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களை ஒரே பட்டியலில் சேர்த்து, வேண்டியவர்கள் தேடி இரவல் வாங்கும்படி செய்ய நினைத்தோம். கிளவுட் சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, டெபியன் லினக்ஸில் கோஹா நூலக மென்பொருளை நிறுவினேன். பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ஆனால் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியைத் தட்டினால் அப்பாச்சி வெப் சர்வரின் வரவேற்புப் பக்கம்தான் வருகிறது. முகவரியோடு 8080 சேர்த்தால் எதுவுமே திறக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறார் ஒரு நண்பர். ஃபயர்வாலை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, சிராங்கூன்

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். மறுபடி நிறுவினால் இதே அமைப்புகளோடு இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். ஃபயர்வாலை நிறுத்தினால், வேண்டிய ஒரு போர்ட்டோடு வெளியார் பார்க்கவே கூடாத போர்ட்டுகளும் சேர்ந்து திறந்துவிடும். கோளாறு என்னவென்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் விதி.

பிரவுசரிலிருந்து புறப்படும் கோரிக்கை பெயர், ஐபி முகவரி, ஃபயர்வால், போர்ட், வெப் சர்வர், அப்ளிகேஷன், தரவுத்தளம் என்று வரிசையாகத் தாண்டிப் போகிறது. ஐபி முகவரி வீவக அடுக்குமாடி புளோக் எண் என்றால், போர்ட் என்பது வீட்டு எண். புளோக் வரை வந்தவர் எந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உங்களுக்கு வந்த அப்பாச்சிப் பக்கம் நல்ல செய்தி. சர்வர் உயிரோடு இருக்கிறது, கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வால் 80-ஆம் போர்ட்டை விடுகிறது, அப்பாச்சி ஓடுகிறது என்ற மூன்றும் அதிலேயே தெரிந்துவிட்டன. இனி அந்தப் பக்கம் சந்தேகம் வேண்டாம்.

கோஹா வராததற்குக் காரணம் அப்பாச்சியின் பழக்கம். ஒரே அப்பாச்சி பல தளங்களை நடத்தும். வந்த கோரிக்கையில் இருக்கும் பெயரைத் தன் பட்டியலில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டு, பொருந்தும் தளத்துக்கு அனுப்பும். எதுவும் பொருந்தாவிட்டால் முதலில் இருக்கும் தளத்தைக் காட்டும். நீங்கள் பெயர் இல்லாமல் ஐபி எண்ணை மட்டும் தட்டுகிறீர்கள். டெபியனோடு வந்த, மூன்று பூஜ்யங்களில் தொடங்கும் இயல்புத் தளம் முந்திக்கொள்கிறது. இரண்டு வழிகள் உண்டு. அந்த இயல்புத் தளத்தை முடக்கிவிட்டு அப்பாச்சியை ரீலோடு செய்யலாம். அல்லது ஒரு டொமைன் பெயர் வாங்கி, அதன் ஏ ரெக்கார்டில் சர்வரின் ஐபி எண்ணைக் கொடுத்து, கோஹாவின் அப்பாச்சி அமைப்பிலும் அதே பெயரை எழுதலாம். பொதுமக்கள் தேடப்போகும் பட்டியல் என்பதால் இரண்டாவது வழிதான் நிலைக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோஹாவின் தளங்களுக்கான பொது அமைப்புக் கோப்பு, புதிய நூலகத்தை உருவாக்கும் அந்த வேளையில் மட்டுமே படிக்கப்படுகிறது. உருவாக்கிய பிறகு அதில் பெயரையோ போர்ட்டையோ மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் நூலகத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்பாச்சியின் தளக் கோப்புகள் இருக்கும் அடைவில் உங்கள் நூலகத்தின் பெயரோடு ஒரு கோப்பு இருக்கும். அதைத்தான் திருத்த வேண்டும்.

அடுத்து 8080. கோஹாவுக்கு இரண்டு முகங்கள்: வாசகர்கள் தேடும் பட்டியல் ஒன்று, ஊழியர்கள் புத்தகம் சேர்க்கும் பக்கம் மற்றொன்று. டொமைன் இல்லாதவர்கள் ஊழியர் பக்கத்துக்கு 8080 கொடுப்பது வழக்கம். நீங்களும் அப்படித்தான் கொடுத்திருப்பீர்கள். ஆனால் தளக் கோப்பில் 8080 என்று எழுதினால் மட்டும் போதாது. அந்தப் போர்ட்டில் காது கொடுக்கும்படி அப்பாச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாச்சியின் போர்ட்டுகளுக்கான கோப்பைத் திறந்து, 80-க்கான ‘லிசன்’ வரிக்குக் கீழே 8080-க்கும் அதேபோல ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு சர்வருக்குள்ளேயே ‘எஸ்எஸ்’ கட்டளையால் எந்தெந்தப் போர்ட்டுகள் காது கொடுக்கின்றன என்று பாருங்கள். பட்டியலில் 8080 இருந்தால், அங்கிருந்தே ‘கர்ல்’ கட்டளையால் பக்கத்தைக் கேளுங்கள். உள்ளே வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை என்றால் மிச்சம் ஃபயர்வால்தான்.

ஃபயர்வால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒன்று கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில், இன்னொன்று சர்வருக்குள். ஒன்றில் அனுமதி கொடுத்துவிட்டு மற்றொன்றை மறந்து தவிப்பவர்கள் ஏராளம். சர்வருக்குள் இருப்பதை இயக்கும் முன், நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக நுழையும் 22-ஆம் போர்ட்டை அனுமதித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்களே உள்ளே நுழைய முடியாமல் போகும்.

பக்கம் திறந்ததும் கோஹா பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அங்கே உங்கள் டெபியன் கடவுச்சொல் செல்லாது. நூலகத்தின் கோஹா அமைப்புக் கோப்பில் தரவுத்தளப் பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். முதல் நுழைவு அவற்றைக் கொண்டுதான். அதன் பிறகு உங்களுக்கென்று நிர்வாகக் கணக்கு உருவாக்கிக்கொள்ளலாம்.

மனம் தளர வேண்டாம். கோஹா ஒரு சிறிய நூலகத்தின் தேவையில் பிறந்ததுதான். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று அஞ்சி 1999-ல் இதை எழுதச் செய்தது. 2000 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரி நூலகங்களிலும் ஓடுகிறது.

இதே சங்கடத்தில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காக, பிரவுசர் காட்டும் வாசகங்களின் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

‘முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்றால் சிக்கல் டொமைன் பெயரில். ஏ ரெக்கார்டைச் சரிபாருங்கள். இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால், பழைய பதிலை வைத்திருக்கும் காலம் முடியும்வரை பொறுங்கள். அந்தக் காலம் 3600 விநாடி என்று குறித்திருந்தால் ஒரு மணி நேரம்.

வெகுநேரம் சுற்றிவிட்டு ‘நேரம் கடந்துவிட்டது’ என்றால் பெரும்பாலும் ஃபயர்வால் கோரிக்கையைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது. பிங் கட்டளைக்குப் பதில் வராததை மட்டும் வைத்து சர்வர் படுத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பல இடங்களில் பிங்கை வேண்டுமென்றே தடுத்திருப்பார்கள்.

சட்டென்று ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால் சர்வர் வரை போயாயிற்று; அந்தப் போர்ட்டில் எந்த மென்பொருளும் காது கொடுக்கவில்லை. எச்டிடிபிஎஸ் என்று தட்டினால் கோரிக்கை 443-க்குப் போகும். சான்றிதழ் இன்னும் அமைக்காத புதிய தளம் 80-ல் மட்டும் இருக்கும். அப்போதும் இதே வாசகம்தான் வரும்.

404, 403 என்று வந்தால் வெப் சர்வர் பதில் சொல்லிவிட்டது. பாதை, தளத்தின் பெயர், கோப்பு அனுமதி இவற்றைப் பாருங்கள். 403-க்கு அஞ்சி எல்லாக் கோப்புகளுக்கும் 777 அனுமதி கொடுப்பவர்கள் உண்டு. அது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டுவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். 502, 503 என்றால் முன்னால் நிற்கும் சர்வர் ஓடுகிறது, பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் ஓடவில்லை. கோஹாவில் அப்ளிகேஷனை இயக்கும் ‘ப்ளாக்’ சேவை நின்றுபோனால் 503 வரும். 500 என்றால் அப்ளிகேஷனுக்குள்ளேயே கோளாறு. லாக் கோப்பின் கடைசி வரிகளில் காரணம் எழுதியிருக்கும்.

கடைசியாக ஒன்று. உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாம் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கப்போகின்றன. பொதுமக்களுக்கு 80, 443 இரண்டும் போதும். ஊழியர் பக்கத்தின் 8080-ஐ உங்களுக்குத் தெரிந்த ஐபி முகவரிகளுக்கு மட்டும் விடுங்கள். தரவுத்தளத்தின் 3306-ஆம் போர்ட் வெளியே தெரியவே கூடாது. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் நிறைவேறி, அதன் முக்கியப் பிரிவுகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களில் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்குவது 2019 செப்டம்பர் 1 முதல் பொதுவாகக் கூடாது. உறுப்பினர் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சங்க அலுவலகக் கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் கோப்புப் பகிர்வு மென்பொருளை நிறுவியிருக்கிறேன். அதே கணினியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தட்டினால் திறக்கிறது. பக்கத்து மேசையிலிருந்து 192.168 என்று தொடங்கும் முகவரியில் போனால், நம்பத் தகாத டொமைன் என்று தடுக்கிறது. வீட்டிலிருந்து சுத்தமாக வரவில்லை.
— வாசகர், ரேஸ் கோர்ஸ் சாலை

பதில்: உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

பக்கத்து மேசையில் வருவது நெக்ஸ்ட்கிளவுடின் பாதுகாப்பு ஏற்பாடு. எந்தப் பெயரில் அழைத்தால் பதில் சொல்லலாம் என்று அதன் அமைப்புக் கோப்பில் நம்பகமான டொமைன்களின் பட்டியல் இருக்கிறது. நிறுவும்போது தட்டிய ‘லோக்கல்ஹோஸ்ட்’ மட்டும் அதில் ஏறியிருக்கும். அடுத்த வரியில் அந்த 192.168 முகவரியையும் சேர்த்தால் முடிந்தது. அந்த முகவரி மாறாமல் இருக்க ரூட்டரில் அதை அந்தக் கணினிக்கே ஒதுக்கி வையுங்கள்.

வீட்டிலிருந்து வராதது இயல்பு. 192.168 முகவரிகள் அந்தந்தக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். இணையத்தில் அவற்றுக்கு வழியே கிடையாது. ரூட்டரில் போர்ட் திருப்பிவிட்டு வெளியே திறக்கலாம். ஆனால் சங்கக் கணக்குகளும் கடிதங்களும் இருக்கும் கணினியை அப்படி நேரடியாக இணையத்தில் வைக்க நான் சொல்லமாட்டேன். வயர்கார்ட் போன்ற விபிஎன் அமைத்து, பொறுப்பாளர்கள் மட்டும் அதன் வழியே வரட்டும். வெளியிலிருந்து திறக்கிறதா என்று சோதிக்கும்போது கைத்தொலைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு பொது முகவரியைத் தட்டினால், சில ரூட்டர்கள் உள்ளிருந்து உள்ளே திருப்பிவிடத் தெரியாமல் பொய்யான முடிவைக் காட்டும்.

கேள்வி: ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் தமிழ் முகவரி வாங்கினேன். அதைத் தட்டினால் என் தளத்துக்குப் பதில் அதே சர்வரில் உள்ள வேறொரு தளம் திறக்கிறது. தமிழ் முகவரியே வேலை செய்யாதா?
— வாசகர், தேக்கா

பதில்: நன்றாகவே வேலை செய்யும். உலகின் பல மொழிகளிலும் டொமைன் பெயர் எழுதும் முறைக்கு வித்திட்ட ஆய்வு 1998-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு செய்தது. ‘.சிங்கப்பூர்’ 2011-ல் இணையத்தின் வேர்ப் பட்டியலில் ஏறியது. இந்த ஊரில் பிறந்த வசதியை இந்த ஊர்த் தமிழர்கள் பயன்படுத்தத் தயங்கக்கூடாது.

டொமைன் அமைப்பு இன்றும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளில்தான் ஓடுகிறது. நீங்கள் தமிழில் தட்டிய பெயரை பிரவுசர், ‘எக்ஸ்என்’ என்ற எழுத்துகளும் இரட்டைக் கோடும் முன்னால் வரும் ஒரு குறியீடாக மாற்றி அனுப்புகிறது. சர்வரின் தளக் கோப்பில் நீங்கள் தமிழ் எழுத்திலேயே பெயரை எழுதியிருப்பீர்கள். வந்ததும் இருப்பதும் பொருந்தாததால் முதல் தளம் திறக்கிறது. அந்தக் குறியீட்டு வடிவத்தைத் தளக் கோப்பில் எழுதுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை ‘செர்ட்பாட்’ மூலம் வாங்கும்போதும் குறியீட்டு வடிவத்தையே கொடுக்க வேண்டும். அதன் வழக்கமான சோதனை 80-ஆம் போர்ட் வழியாக நடக்கும். 443-ஐ மட்டும் திறந்து வைத்தால் சான்றிதழ் கிடைக்காது.

கேள்வி: தளம் திறக்கிறது. ஆனால் எக்செலிலிருந்து ஏற்றிய தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையா?
— வாசகி, ஃபேரர் பார்க்

பதில்: எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள் தெரியும். கேள்விக்குறி தெரிந்தால் பெரும்பாலும் எழுத்து ஏற்கெனவே தொலைந்துவிட்டது. எக்செலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக எழுதப்படும். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கேயே கேள்விக்குறி இருந்தால் சர்வர் நிரபராதி. மூல எக்செலை யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்து மறுபடி ஏற்றுங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது.

கணினியில் தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீடு பற்றிய சண்டையில் சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி, 1995-லேயே தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றியவர்களில் முன்னோடி. ஆளுக்கொரு எழுத்துரு என்று சிதறிக் கிடந்த தமிழை ஒரே குறியீட்டுக்குள் கொண்டுவரும் விவாதத்துக்கு, 1997-ல் அவர் முயற்சியில் இங்கே கூடிய தமிழ்நெட் 97 மாநாடு வாசல் திறந்தது. இன்று யூனிகோடு இருக்கிறது. அதைக் கடைசிக் கோப்பு வரை பிடித்துக்கொள்வது நம் பொறுப்பு.

கேள்வி அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். பிரவுசரில் தட்டிய முகவரியின் வடிவம், திரையில் வந்த வாசகம் எழுத்து மாறாமல், எந்த இணைப்பிலிருந்து முயன்றீர்கள், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். கடவுச்சொல்லையும் சர்வரின் முழு ஐபி முகவரியையும் எழுத வேண்டாம். அந்த நான்கையும் எழுதி முடிப்பதற்குள் உங்களில் பலருக்கு விடை தானாகவே பிடிபட்டுவிடும்.