ராஸ் தீவைக் கட்டியவர் யார்?

ஹேடோவில் சென்னைக் கப்பல் வந்து நின்றால் நம்மில் யாராவது ஒருவர் வீட்டுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்திறங்குவார்கள். மறுநாளே அவர்களை ராஸ் தீவுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். 2018இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயரிட்டார்கள். நம் வாயில் இன்னும் ராஸ்தான். இம்முறை ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றேன்.

அபர்டீனிலிருந்து படகில் சிறிது நேரம்தான். இறங்கியதும் பிள்ளைகள் மான்களின் பின்னால் ஓடிவிட்டனர். அவர்களைத் திரட்டிக்கொண்டு சுற்றினேன். மரவேர்கள் கவ்விப் பிடித்த தேவாலயச் சுவர், தலைமை ஆணையர் மாளிகை, ரொட்டிச் சாலை, நடன அரங்கு, அச்சகம். அரைச் சதுரக் கிலோமீட்டர்கூட இல்லாத தீவில் வெள்ளைக்காரனுக்கு ஒரு குறையுமில்லை!

"இதையெல்லாம் கட்டியது யார்?" என்று கேட்டேன்.

"செல்லுலார் ஜெயில் கைதிகள், சார்!"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கைப் பாருங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் இங்கு வந்தார். செல்லுலார் சிறைக் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல்தான் முடிந்தது. இடையே 48 ஆண்டுகள். முதலில் வந்தவர்களுக்குக் கடலே சிறைச்சுவர். ராஸ் தீவின் காட்டை வெட்டித் தலைநகருக்கு இடம் செய்தவர்கள் அவர்கள்தாம். தப்பியோடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை அந்த முதல் ஆண்டிலேயே ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

1941 ஜூன் நிலநடுக்கத்துக்குப் பின் அதிகாரிகள் தீவைக் காலி செய்தனர். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தனர். அவர்கள் கட்டிய பதுங்கு குழிகளையும் பார்த்தோம்.

திரும்பும்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஊருக்குப் போனா, நீங்க கைதி வம்சமான்னு கேக்குறாங்க சார். என்ன சொல்றது?"

என் தகப்பனார் சுதந்திரத்துக்குப் பின் மரவேலைக்காகக் கப்பலேறியவர். நம் குடும்பங்களில் பல அப்படி வந்தவைதாம். அதைச் சொன்னேன். ஆனால் 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று அவசரமாக ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் தகப்பனார் வந்தபோது இங்கே ஓர் ஊர் இருந்தது. அவர்களுக்கு இருந்தது காடு. அதையும் சொல்லச் சொன்னேன்.

வீட்டுப்பாடம்: உங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு? பெற்றோர் ஆண்டைச் சரியாகச் சொல்லியனுப்ப வேண்டுகிறேன். சென்ற முறை மூன்று பேர் "ரொம்ப நாளைக்கு முன்னாடி" என்று எழுதி வந்தார்கள்.