தரவுத்தளத்தில் இட ஒதுக்கீடு: ஒரே அளவா, வளரும் அளவா?

கிடங்கொன்றில் மூட்டை அடுக்க வருவோர் ஒருவர் ஏழு அடியும் மற்றொருவர் பதினோரு அடியுமாக விரும்பியபடி இடம் பிடிப்பதாகக் கொள்வோம். சிலர் காலி செய்ய, அவ்விடங்களில் வேறு அளவினர் வந்து அமர, இங்கே நான்கடியும் அங்கே ஐந்தடியும் எஞ்சும். எட்டடி கேட்டு வருபவருக்கு இடமில்லை. கூட்டிப் பார்த்தாலோ ஒன்பதடி இருக்கிறது!

தரவுத்தளங்களிலும் இத்தொல்லை நேர்வதுண்டு. வெளிக்கள அலுவலர் பல நாள் அலைந்து திரட்டிய குறிப்புகளைப் பதியும்போது, அட்டவணையை நீட்ட இடமில்லை என்று கணிப்பொறி மறுத்துவிடும். காலியிடம் இருந்தும் அது சிதறிக் கிடப்பதே காரணமாகும்.

பரவலாக வழங்கும் ஆரக்கிள் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். இதில் அட்டவணைகள் ‘டேபிள்ஸ்பேஸ்’ எனும் சேமிப்புப் பகுதியில் வைக்கப்படுகின்றன. அட்டவணை வளர வளர, ‘எக்ஸ்டென்ட்’ எனப்படும் துண்டு துண்டாக இடம் அளிக்கப்படும். முற்காலத்தில் ஒவ்வோர் அட்டவணைக்கும் துண்டின் அளவை நிர்வாகி தனித்தனியே குறிக்கலாம். அடுத்தடுத்த துண்டு நூற்றுக்கு இத்தனை விகிதம் பெருக வேண்டும் என்றும் விதிக்கலாம். நாம் கண்ட கிடங்கின் கதை இதனால் விளைந்ததே. 1999-இல் வெளிவந்த 8ஐ பதிப்பு, அப்பகுதியிலேயே ஒரு குறியீட்டு வரைபடம் வைத்து இடத்தைக் கணக்கிடும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. அதில் இரு முறைகள் உள.

முதலாவது சீரளவு முறை. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவின. ஆகவே ஓர் அட்டவணை விட்ட இடம் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தும். இரண்டாவது தானியங்கு முறை. வழக்கமான 8 கிலோபைட் பிளாக்கில், முதல் 16 துண்டுகள் 64 கிலோபைட்; அட்டவணை 1 மெகாபைட்டை எட்டியதும் துண்டுக்கு 1 மெகாபைட்; 64 மெகாபைட்டைக் கடந்தால் 8; 1 கிகாபைட்டுக்கு மேல் 64 மெகாபைட். இவ்வளவுகள் ஒன்றையொன்று மீதமின்றி வகுப்பனவாதலால், பெரிய துண்டு விட்ட இடத்தில் சிறியவை இடைவெளியின்றி அடங்கும்.

இவற்றுள் எதைத் தேர்வது? வளர்ச்சியை நாம் அறிவோமா என்பதே கேள்வி.

6,000 நிலையங்களிலிருந்து நாள்தோறும் ஒரு மழைக்குறிப்பு, குறிப்புக்கு 80 பைட் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 17 கோடியே 52 இலட்சம் பைட் ஆகிறது; திருத்தங்களுக்கு விடும் இடத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 மெகாபைட். வளர்ச்சி திட்டமாகத் தெரிவதால் 8 மெகாபைட் சீரளவு ஏற்றது. ஆண்டுக்கு 25 துண்டுகளே வேண்டும்.

அதே பகுதியில் மாவட்டப் பெயர், கருவி வகை போன்ற 150 சிறு அட்டவணைகளையும் வைத்தால்? ஒவ்வொன்றும் நாற்பது வரிக்காக 8 மெகாபைட்டைப் பிடித்துக்கொள்ளும். மொத்தம் 1,200 மெகாபைட், பெரும்பாலும் வெற்றிடம். தானியங்கு முறையிலோ 9,600 கிலோபைட்டில் முடிந்துவிடும். பலதரப்பட்ட அட்டவணைகளும் வளர்ச்சி தெரியாதவையும் சேரும் இடத்தில் தானியங்கு முறையே தக்கது. ஐயமுற்றவிடத்தும் இதையே கொள்ளலாம் என்பது என் கருத்து.

துண்டுகளின் எண்ணிக்கை மிகுந்தாலே வேகம் குறையும் என்று அஞ்சுவோர் உளர். சில நூறு துண்டுகளால் தீங்கில்லை. ஆயினும் 1 கிகாபைட் அட்டவணையை 64 கிலோபைட் சீரளவில் வைத்தால் 16,384 துண்டுகளாகும். அதை நீக்கும் வேளையில் வீண் உழைப்பு நேரும்.

தற்காலிகப் பகுதிக்குச் சீரளவு ஒன்றே உண்டு. மாற்றங்களை மீட்கும் ‘அண்டூ’ பகுதிக்குத் தானியங்கு முறை ஒன்றே. அங்கு தேர்வுக்கு இடமில்லை. பிறவற்றில் முறையைப் பகுதி அமைக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் மாற்ற இயலாது. புதிய பகுதி அமைத்து அட்டவணைகளை ஒவ்வொன்றாக இடம்பெயர்த்து, சுட்டுவரிசைகளையும் பெரும்பாலும் புதிதாகக் கட்ட நேரும். அலுவலக நேரத்தில் செய்யத்தக்க வேலையன்று இது.

மாணவர்க்கு ஒரு கணக்குத் தரலாம்: தானியங்கு முறையில் 3 கிகாபைட் அட்டவணைக்கு எத்தனை துண்டுகள்? முதல் கிகாபைட்டுக்கு 16, 63, 120 ஆக 199; எஞ்சிய 2,048 மெகாபைட்டுக்கு 32; மொத்தம் 231. சீரளவு 8 மெகாபைட்டில் இதுவே 384.