ஆகார தானமும் காசநோயும்

அட்சய திருதியை நாளில் நம் ஜினாலயங்களில் கருப்பஞ்சாறு வழங்குவதன் காரணத்தைச் சிறுவரும் அறிவர். துறவு பூண்ட ஆதிபகவன் நெடுங்காலம் உண்ணா நோன்பிருந்து, பின்னர் உணவு ஏற்பதற்காக ஊர்தோறும் நடந்தார். மக்கள் அவரை வணங்கிப் பொன்னும் மணியும், யானையும் குதிரையும் கொணர்ந்து நீட்டினர். முனிவருக்கு உணவளிக்கும் முறையை எவரும் அறிந்திலர். அத்தினாபுரத்துச் சிரேயாம்ச மன்னன் மட்டுமே முற்பிறவி நினைவு வரப்பெற்றுக் கருப்பஞ்சாற்றை அளித்தான். தானம் என்னும் அறம் அன்று தொடங்கிற்று என்பது நம் மரபு.

பொன்னை நீட்டியவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். எதிரே நிற்பவருக்கு எது வேண்டும் என்பதை அவர்கள் அறியவில்லை, அவ்வளவே. காசநோய் பற்றிய அண்மைக்கால ஆய்வு ஒன்றைப் படித்தபோது இவ்வரலாறே நம் நினைவுக்கு வந்தது. அவ்வாய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டு மாதத்தில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. இல்லறத்தாராகிய நம் அனைவருக்கும் அதில் பாடம் உண்டு என்பதால் அதனை இங்கு விரிவாகக் காண்போம்.

தொற்றும் நோயும்

காசநோய்க்குக் காரணமான நுண்கிருமியைக் கண்டறிந்து, 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தவர் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர். அந்நாளையே உலகக் காசநோய் நாளாகக் கொள்கின்றனர். கிருமி கண்டறியப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நோய் ஒழிந்தபாடில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 8 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டினர்.

நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் கிருமியைப் பிறர் உட்கொள்ளுதல் தொற்று எனப்படும். ஆனால், தொற்றுக்கு உள்ளான அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. நூற்றுவரில் ஐவர் முதல் பதின்மர் வரையே தம் வாழ்நாளில் நோயுறுவர் என்பது பொதுக் கணக்கு. ஏனையோர் உடலில் காவல் அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து அடக்கி வைத்துவிடுகின்றன.

வினைக்கோட்பாடு பயின்ற நம் இளைஞர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கட்டுண்ட வினை உடனே பயன் தருவதில்லை. அது 'சத்தை' என்னும் நிலையில் அடங்கிக் கிடந்து, ஏற்ற துணைக் காரணங்கள் கூடும்போது 'உதயம்' ஆகின்றது. கிருமியும் அவ்வாறே அடங்கிக் கிடந்து, உடலின் காவல் தளரும்போது தலையெடுக்கின்றது. இஃது உவமை மட்டுமே. நோயுற்றவரைப் பார்த்து, 'அவர் செய்த வினை' என்று கூறி நாம் ஒதுங்கிக்கொள்வதற்கு இவ்வுவமையில் இடமில்லை.

உடலின் காவலைத் தளர்த்தும் காரணங்களுள் முதன்மையானது ஊட்டக்குறைவு. இதனை அளந்தறிய 'உடல் நிறைக் குறியீடு' என்னும் கணக்கு உண்டு. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தல் வேண்டும். காட்டாக, 1.60 மீட்டர் உயரமுள்ள பெண்ணின் எடை 42 கிலோ எனில், 42ஐ 2.56ஆல் வகுக்க 16.4 வரும். இவ்வெண் 18.5க்குக் குறைந்தால் மெலிவு என்பர். குறியீடு ஓர் அலகு குறையுந்தோறும் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுகின்றது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கட்டுரை காட்டிற்று.

சென்னை ஆய்வு கற்பித்தது

அங்ஙனமாயின், உணவின் இன்றியமையாமையை மருத்துவ உலகம் முன்பே வலியுறுத்தாதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண நம் சென்னைக்கே வரவேண்டும்.

முற்காலத்தில் காசநோயாளிகளை மலைப்பாங்கான இடங்களில் உள்ள சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்கச்செய்து, ஓய்வும் செழுமையான உணவும் அளித்தனர். ஏழை நாட்டில் அத்தனை பேருக்கும் அவ்வசதி செய்தல் இயலாது. எனவே 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பெற்று, நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவுடன் மருந்துண்டனர். மற்றொரு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் எளிய இல்லங்களில், தமக்குக் கிடைத்த உணவுடன் அதே மருந்தை உண்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே குணமடைந்திருந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூடச்செய்தது. கோடிக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து பெற வழி பிறந்தது. இது சென்னை உலகுக்கு அளித்த பெருங்கொடை.

ஆயினும், நன்மையோடு ஒரு பிழையான எண்ணமும் உடன் வளர்ந்தது. 'மருந்து போதும், உணவு முக்கியமன்று' என்று பலர் கருதலாயினர். சென்னை ஆய்வு கேட்ட வினா, 'நோயுற்றவர் வீட்டிலிருந்தே மருந்தினால் குணமடைவாரா?' என்பதே. 'அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவருக்கு நல்லுணவு அளித்தால் நோய் வராமல் தடுக்கலாமா?' என்று அது கேட்கவில்லை. கேளாத வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணியதே பிழை. மாணவர்கள் தேர்வில் செய்யும் பிழையும் பெரும்பாலும் இதுவே.

ஜார்க்கண்டு ஆய்வு

அந்த இரண்டாம் வினாவையே ஜார்க்கண்டு ஆய்வு எழுப்பியது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் இதனை முன்னின்று நடத்தினர். 1956இல் தோன்றிய அதே சென்னை மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் இவ்வாய்விலும் பங்கு கொண்டது போற்றத்தக்கது.

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் உள்ள 28 காசநோய்ப் பிரிவுகளிலிருந்து நோயாளிகள் 2,800 பேரும், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் 2019 ஆகஸ்டு முதல் 2021 சனவரி வரை சேர்க்கப்பட்டு, 2022 சூலை வரை கண்காணிக்கப்பட்டனர். அக்குடும்பத்தினரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா முதலிய பழங்குடியினர். மூவரில் ஒருவர் மெலிந்தவர்.

நோயாளிகள் அனைவருக்கும், எப்பிரிவினராயினும், மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப்பொருள் வழங்கப்பட்டது. அரிசி, பருப்பு வகை, பால்பொடி, எண்ணெய் ஆகியன அதில் அடங்கும். குடும்பத்தினரில் மட்டுமே வேறுபாடு செய்தனர். குலுக்கலில் தெரிந்தெடுத்த 14 பிரிவுகளில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. ஏனைய 14 பிரிவுகளில் குடும்பத்தினருக்குத் தனியே உணவு தரப்படவில்லை. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் இவ்வுணவு ஏறத்தாழ 167 கிராம் அரிசியும் 50 கிராம் பருப்பும் ஆகும்; 750 கலோரி ஆற்றலும் 23 கிராம் புரதமும் இதனால் கிடைக்கும். இதில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை, புலாலும் இல்லை. நம் வீட்டு அடுக்களையில் நாள்தோறும் உள்ளவையே.

முடிவு யாது? உணவு பெறாத பிரிவில் 4,724 பேரில் 122 பேர் புதிதாகக் காசநோயுற்றனர். உணவு பெற்ற பிரிவில் 5,621 பேரில் 96 பேர் மட்டுமே நோயுற்றனர். கண்காணித்த காலத்தையும் பிற வேறுபாடுகளையும் கணக்கிற் கொண்டு ஆராய்ந்ததில், உணவினால் நோய் 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. 30 குடும்பங்களுக்கு உணவளித்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஏனைய 29 குடும்பங்களுக்கு அளித்தது வீணோ எனில், அன்று. பசித்தவர் உண்ட உணவு எங்ஙனம் வீணாகும்?

நோயாளிகளைப் பற்றியும் ஒரு செய்தி கிடைத்தது. அவர்களில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் மெலிந்தவர்கள். மருந்து தொடங்கிய இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தது.

கருத்திற் கொள்ள வேண்டியவை

ஓர் ஆய்வைப் படிக்கும்போது, அது நிறுவியதையும் நிறுவாததையும் பிரித்தறிதல் நன்ஞானம்.

முதலாவது, உணவு மருந்துக்கு மாற்று அன்று. மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காத வலிமை பெறும். இரண்டாவது, எடை கூடியவர் பிழைத்தனர் என்பதனால் எடை ஒன்றே காத்தது என்று முடிவு கட்டலாகாது. நோய் தணிந்ததனாலும் எடை கூடியிருக்கலாம். மூன்றாவது, இவ்வாய்வு மெலிவு மிகுந்த மக்களிடையே நடந்தது. வயிறார உண்பவர் மேலும் உண்ண வேண்டும் என்பது இதன் பொருளன்று. நீரிழிவும் காசநோய்க்கு வழி திறக்கும். பசித்தவருக்கு ஊணும், மிகுதியுடையவருக்கு மிதவுணவும் என நம் முன்னோர் வகுத்த நெறியே இங்கும் பொருந்தும்.

நாம் காணத் தவறியது

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் இப்பாடத்தை முடித்தல் நேர்மையன்று. நம் வகுப்பில் பயின்ற சிறுமி ஒருத்தியின் தந்தைக்குக் காசநோய். மாத்திரையை ஒருநாளும் தவறவிடலாகாது என்று அவளிடம் பலமுறை சொல்லியனுப்பினோம். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் செய்து எண்ணிப் பார்த்ததும் உண்டு. அவள் பள்ளியில் வழங்கிய மதிய உணவில் பாதியை உண்டு, மீதியைத் தூக்குப் பாத்திரத்தில் தந்தைக்கு எடுத்துச் செல்வாள். அதனைக் கண்டு, வகுப்பார் முன்னிலையில் அவளைப் பாராட்டினோம். அவள் வயிற்றுக்கு என்ன மிஞ்சிற்று என்று நாம் எண்ணவில்லை. மறு ஆண்டு அவளும் இருமத் தொடங்கினாள். மருந்தினால் நலமடைந்தாள் என்பது ஆறுதல். ஆயினும் ஓராண்டுப் படிப்பு போயிற்று. உணவளித்திருந்தால் அவளுக்கு நோய் வந்தேயிராது என்று உறுதியாகச் சொல்லுதல் இயலாது. ஆனால் பொன்னை நீட்டி உணவை மறந்தவர் வரிசையில் நாமும் நின்றோம் என்பது இவ்வாய்வைப் படித்தபோது விளங்கிற்று.

செய்யத்தக்கன

இருபது தீர்த்தங்கரர்கள் முத்தியடைந்த சம்மேத சிகரம் அதே ஜார்க்கண்டு மாநிலத்தில்தான் உள்ளது. முதுமையாலும் தளர்ச்சியாலும் நடக்க இயலாத நம்மவரை டோலியில் வைத்து மலைமேல் சுமந்து செல்வோர் அவ்வட்டாரத்து ஏழை மக்களே. அடுத்த முறை யாத்திரை செல்வோர் அத்தோள்களைச் சற்று உற்று நோக்குவார்களாக.

காசநோயாளிகளுக்கு நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவியாக வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியாரும் சங்கங்களும் நோயாளிகளை ஏற்று உணவுப்பொருள் வழங்க 'நிக்ஷய் மித்ரா' என்னும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்றது; நோயாளியின் குடும்பத்தினரையும் அதில் சேர்ப்பதாக அரசு 2024இல் அறிவித்தது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரல் முதல் நடைபெறும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', மிக மெலிந்தும் மூச்சுத்திணறியும் வருவோரைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்த்துப் பேணுகின்றது.

விழாக் காலங்களில் நாம் பெரும்பாலும் உண்டவருக்கே மீண்டும் உணவளிக்கின்றோம். அச்செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால் போதும். நோயாளி நீங்கலாக நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசியும் 6 கிலோ பருப்பும் வேண்டும். ஆறு மாதத்திற்கு 120 கிலோ அரிசியும் 36 கிலோ பருப்பும் ஆகும். ஓர் ஊர்ச் சங்கம் ஒரு குடும்பத்தையேனும் ஏற்பது அரிதன்று. அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வினவினால் வழி கூறுவர். நோயாளியின் இசைவின்றி அவர் பெயரை வெளியிடுதல் கூடாது.

நம் சமயம் கூறும் நால்வகைத் தானமும் இவ்வொரு நோயில் ஒன்று கூடுகின்றன. அரிசியும் பருப்பும் ஆகார தானம். மருந்தை இடைவிடாது உண்ணத் துணை நிற்றல் ஔஷத தானம். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு ஆகியன கண்டால் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எடுத்துரைத்தல் சாஸ்திர தானம். நோயுற்றவரை ஒதுக்காமல், 'அஞ்சற்க' என்று அருகிருத்தல் அபய தானம்.

பயிற்சி வினாக்கள்

1. தொற்று, நோய் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சென்னை ஆய்வும் ஜார்க்கண்டு ஆய்வும் ஒன்றற்கொன்று முரண்பட்டனவா? காரணம் கூறுக.
3. உம் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் உடல் நிறைக் குறியீட்டையும் கணக்கிடுக. வீட்டுப் பணிக்கு வருபவரின் நலத்தையும் கேட்டறிக.
4. உம் ஊர்ச் சங்கம் ஒரு குடும்பத்திற்கு ஆறு மாதம் உணவளிக்க ஆகும் செலவை, உம் ஊர்க் கடை விலைப்படி கணக்கிட்டுச் சங்கத் தலைவரிடம் அளிக்க.

நான்காம் வினாவுக்கு விடை எழுதுவோர் எழுதியதோடு அமையாது, செய்தும் காட்டுவார்களாக.